கையெழுத்துப் போடுவதற்கு முன்னால்

அன்புள்ள தம்பி,

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு நீ போனில், "என் அறைத்தோழனை டெக்சாஸில் போதைப்பொருள் வழக்கில் பிடித்துவிட்டார்கள், எத்தனை வருடம் போடுவார்கள்?" என்று கேட்ட கேள்விக்கு, "எழுதி அனுப்புகிறேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். கோபத்தில் அல்ல. அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொன்னால் அது தப்பாகத்தான் போய்ச் சேரும்.

முதலில் ஒன்று. உன் அறைத்தோழனைப் பிடித்தபோது நீ அந்தக் காரில் இருந்தாயா என்று நான் கேட்கவில்லை. நீயும் எழுதாதே, வாட்ஸ்அப்பில் எழுதவே எழுதாதே. அம்மா வக்கீல்தான், ஆனால் உங்கள் இருவருக்கும் வக்கீல் அல்ல. தாயும் பிள்ளையும் பேசிக்கொள்வதற்கு டெக்சாஸ் சட்டத்தில் தனியாக ரகசியக் காப்பு எதுவும் கிடையாது. காரில் ஒரு பொருள் கிடைத்தால் உட்கார்ந்திருந்த எல்லோரையும் கைது செய்யலாம். யாருடைய கட்டுப்பாட்டில் அது இருந்தது என்று நிரூபிப்பது அதற்குப் பின்னால் வரும் வேலை. உனக்கு வக்கீல் தேவைப்பட்டால் "வேண்டும்" என்று ஒரு வார்த்தை சொல். இன்னொருவரைப் பார்த்துத் தருகிறேன். அவரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். நம்மூரில் பெரும்பாலும் குற்றத்தைச் சொல்லும் பிரிவிலேயோ அதை ஒட்டியோ தண்டனையும் எழுதியிருக்கும். டெக்சாஸில் இரண்டு படி. செயலைச் சொல்லும் பிரிவு அது எந்த வகுப்புக் குற்றம் என்பதோடு நின்றுவிடும். அந்த வகுப்புக்கு எத்தனை ஆண்டு என்பது பீனல் கோடின் (குற்றச் சட்டத் தொகுப்பின்) 12-ஆம் அதிகாரத்தில் தனியாக இருக்கிறது. ஆகவே அவன் கையில் கொடுத்த தாளில் முதலில் தேட வேண்டியது வகுப்பைத்தான்.

கீழே இருப்பது மிஸ்டிமீனர், அதாவது சிறு குற்றம். கிளாஸ் சி என்றால் 500 டாலர் வரை அபராதம் மட்டும். பி என்றால் 180 நாள் வரை கவுண்டி, அதாவது மாவட்ட, ஜெயில். ஏ என்றால் ஒரு வருடம் வரை. அதற்கு மேலே ஃபெலனி, அதாவது பெரிய குற்றம். அதன் கீழ்ப்படி ஸ்டேட் ஜெயில் ஃபெலனி, 180 நாள் முதல் 2 ஆண்டு வரை. மூன்றாம் டிகிரி 2 முதல் 10 ஆண்டு, இரண்டாம் டிகிரி 2 முதல் 20 ஆண்டு, முதல் டிகிரி 5 முதல் 99 ஆண்டு அல்லது ஆயுள். இந்த நாலுக்கும் பொதுவாக 10,000 டாலர் வரை அபராதமும் சேரலாம். உச்சியில் கேப்பிடல் ஃபெலனி. அதைப் பற்றி உனக்கு இப்போது எதுவும் தெரிய வேண்டாம். பிளானோவிலிருந்து உன் சித்தப்பா "ஸ்டேட் ஜெயில்தானே, சின்னது" என்பார். அதில் பரோல், அதாவது காலம் முடியும் முன்பே நிபந்தனையோடு விடுதலை, கிடையாது. மற்ற ஃபெலனிகள் பலவற்றில் நல்ல நடத்தைக்கான நாட்களும் சேர்ந்து தண்டனையில் கால் பங்கு வந்தாலே பரோலுக்குத் தகுதி வந்துவிடும். ஸ்டேட் ஜெயிலில் அந்த வழி இல்லை.

உன் தோழன் விஷயத்தில் எல்லாமே எடையில்தான் நிற்கிறது. கஞ்சா இலையாக இருந்தால் 2 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 56 கிராம் வரை கிளாஸ் பி மிஸ்டிமீனர். அதே செடியிலிருந்து எடுத்த டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) எண்ணெய், புகையாக இழுக்கும் வேப் பேனாவில் இருந்தால் சட்டம் அதை வேறு பட்டியலில் வைக்கிறது. பெனால்டி குரூப் 2. அங்கே 1 கிராமுக்குக் கீழே இருந்தாலே ஸ்டேட் ஜெயில் ஃபெலனி. 1 கிராம் தொட்டால் மூன்றாம் டிகிரி, 4 கிராம் தொட்டால் இரண்டாம் டிகிரி. எடை என்றால் போதைப்பொருளின் எடை மட்டும் அல்ல. அதில் கலந்திருப்பது எல்லாம் சேர்த்து. கம்மி மிட்டாய் என்றால் சர்க்கரை, ஜெலட்டின் உட்பட. வேறு மாநிலத்தில் கடையில் பில் போட்டு வாங்கிய இரண்டு மிட்டாய் 4 கிராமைத் தாண்டினால், இங்கே 20 ஆண்டு வரை போகக்கூடிய குற்றச்சாட்டு. இலைக்கும் மிட்டாய்க்கும் இத்தனை வித்தியாசம் வைத்திருப்பது நியாயமே இல்லை என்பது என் எண்ணம். ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

வேப் கார்ட்ரிட்ஜை, அந்த எண்ணெய்க் குப்பியை, ஒருமுறை கூர்ந்து பார். மேலே "1 கிராம்" என்று அச்சடித்திருக்கும். புதிதாக இருந்தால் மூன்றாம் டிகிரி. கொஞ்சம் இழுத்திருந்தால் மிச்சம் 1 கிராமுக்குக் கீழே வந்து ஸ்டேட் ஜெயில். ரோட்டோரத்தில் போலீஸ்காரர் எழுதும் எடையில் கண்ணாடிக் குழாயும் மூடியும் சேர்ந்திருக்கலாம். ஆய்வகம் எண்ணெயை மட்டும் எடுத்து நிறுத்தால்தான் உண்மையான கணக்கு. 2019-லிருந்து 0.3 சதவீதத்துக்கு மேல் டெல்டா-9 டிஎச்சி இல்லாத ஹெம்ப் (போதை குறைந்த கஞ்சாச் செடி வகை) இங்கே சட்டப்படி செல்லும். ஆகவே பார்ப்பதற்குக் கஞ்சாபோல இருக்கிறது என்பது போதாது. செறிவையும் அளந்தாக வேண்டும். அந்த அறிக்கை வருவதற்கு முன்பே பேரத்துக்கு, அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் ஒப்பந்தத்துக்கு, சம்மதிப்பவர்கள் ஏராளம். அவனுடைய வக்கீலிடம் முதலில் கேட்கச் சொல்ல வேண்டியது இதுதான்: "லேப் ரிப்போர்ட் வந்ததா? நிகர எடை என்ன?" மைக்கேல் மார்ட்டன் சட்டம் 2014 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. வக்கீல் கேட்டால் அரசுத் தரப்பு தன் கோப்பைத் திறந்து காட்ட வேண்டும்.

அடுத்து நடப்பது இது. கைதான 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தி, குற்றச்சாட்டைச் சொல்லி, பெயில் தொகை வைப்பார்கள். முழுத் தொகையையும் ரொக்கமாகக் கட்டினால், எல்லா வாய்தாவுக்கும் ஒழுங்காக வந்தால், வழக்கு முடிந்ததும் சிறு கட்டணம் போக மீதி திரும்பி வரும். பாண்ட்ஸ்மேனிடம் (கட்டணம் வாங்கிக்கொண்டு ஜாமீன் நிற்பவரிடம்) போனால் சாதாரணமாக பத்தில் ஒரு பங்கு கேட்பார், அது திரும்பாது. நீ பண்டு வசூலிப்பதாகச் சொன்னாயே, அதற்கு முன்னால் சொந்த ஜாமீனில் விடுவார்களா என்று வக்கீல் மூலம் கேளுங்கள். அவன் இந்தியக் குடிமகன். கேட்டுக்கொண்டால் ஹூஸ்டனில் உள்ள இந்தியத் தூதரக அலுவலகத்துக்குத் தெரிவிப்பார்கள். கேட்டால்தான். நீதிமன்ற ஆங்கிலம் பிடிபடவில்லை என்றால் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கும் உரிமையும் உண்டு. "ஆங்கிலம் தெரியும்" என்று வீம்புக்குச் சொல்ல வேண்டாம் என்று சொல்.

ஜெயிலிலிருந்து வரும் போன் எல்லாம் பதிவாகும். தமிழில் பேசினால் யாருக்குப் புரியப்போகிறது என்று நினைக்காதே. பதிவை எழுதி மொழிபெயர்த்து ஜூரி முன்னால் வைத்துவிடலாம். அவன் கூப்பிட்டால் சாப்பிட்டாயா, வக்கீல் வந்தாரா என்பதோடு நிறுத்து.

ஃபெலனி வழக்கு கிராண்ட் ஜூரிக்கு, வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவுக்கு, போக வேண்டும். 12 பேர் உட்காருவார்கள். 9 பேர் ஒப்புக்கொண்டால்தான் குற்றப்பத்திரிகை. இந்த இடைவெளியைச் சும்மா விடுகிறவர்கள்தான் அதிகம். வக்கீல் இப்போதே அரசுத் தரப்பிடம் பேசலாம், கிராண்ட் ஜூரிக்கு ஆவணங்கள் கொடுக்கப் பார்க்கலாம், எடையைக் கேள்வி கேட்கலாம். டெக்சாஸில் 254 கவுண்டி; ஒவ்வோர் இடத்திலும் டிஏ (அரசுத் தரப்பு வழக்கறிஞர்) அலுவலகத்தின் வழக்கம் வேறு. டாலஸில் ஒருவனுக்கு நடந்தது உன் தோழனுக்கும் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. கலிஃபோர்னியாவிலிருந்து யோசனை வந்தால் கேட்கவே கேட்காதே. அங்கே ஒரே குற்றத்தை ஃபெலனியாகவும் மிஸ்டிமீனராகவும் நடத்த வழி உண்டு. நியூயார்க்கில் வகுப்புகளே ஏ முதல் இ வரை வேறு கணக்கு.

இப்போது நான் பயப்படும் இடத்துக்கு வருகிறேன். இதை இரண்டு முறை படி.

முதல் தடவை மாட்டிய மாணவனுக்கு அரசுத் தரப்பு பெரும்பாலும் கொடுக்க முன்வருவது டெஃபர்டு அட்ஜுடிகேஷன். அவன் குற்றத்தை ஒப்புக்கொள்கிறான், அல்லது மறுக்கவில்லை என்கிறான். நீதிபதி "குற்றவாளி" என்று தீர்ப்பு எழுதாமல் சில வருடம் கண்காணிப்பில் வைக்கிறார். ஒழுங்காக முடித்தால் வழக்குத் தள்ளுபடி. வக்கீலும், "டெக்சாஸ் சட்டப்படி உனக்குத் தண்டனைப் பதிவே இல்லை" என்பார். அது உண்மைதான். ஆனால் மத்தியக் குடியேற்றச் சட்டம் வேறு அளவுகோல் வைத்திருக்கிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டு, அதற்காக நீதிபதி ஏதாவது ஒரு தண்டனையோ கட்டுப்பாடோ விதித்தால் போதும், அது தண்டனைதான். மாநிலம் பிறகு தள்ளுபடி செய்தாலும் அங்கே அது அழியாது. போதைப்பொருள் வழக்கில் அப்படி ஒரு பதிவு விழுந்தால் நாடு கடத்தக் காரணம் கிடைத்துவிடுகிறது. சொந்த உபயோகத்துக்கு 30 கிராமுக்குள் கஞ்சா, அதுவும் ஒரே ஒரு தடவை என்பது ஒன்றுதான் விதிவிலக்கு. வேப் எண்ணெய் அதற்குள் அடங்குமா என்பதைக் குடியேற்ற வக்கீல்தான் பார்க்க வேண்டும். ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது பொருந்தும் பிரிவில் அந்த விதிவிலக்கும் இல்லை. அங்கே தண்டனைகூடத் தேவையில்லை. குற்றத்தின் கூறுகளை ஒப்புக்கொண்டாலே வாசலில் நிறுத்தலாம்.

டெஃபர்டில் இன்னொரு பொறியும் இருக்கிறது. நடுவில் தவறினால், ஒரு சிறுநீர்ப் பரிசோதனையில் தோற்றால்கூட, தண்டனை வரம்பு முழுவதும் திறந்துகொள்ளும். மூன்றாம் டிகிரி என்றால் மறுபடி 2 முதல் 10 ஆண்டு. சாதாரண புரொபேஷனில் (தண்டனை விதித்துவிட்டு, சிறைக்குப் பதில் கண்காணிப்பில் விடுவதில்) தண்டனையின் அளவை முதலிலேயே எழுதி நிறுத்தி வைத்திருப்பார்கள். தவறினால் அந்த அளவைத் தாண்ட முடியாது.

அதனால் அவன் கேட்க வேண்டியது பிரீட்ரையல் டைவர்ஷன். நீதிபதி முன்னால் ஒப்புதல் கொடுக்காமலே டிஏ அலுவலகத்தோடு ஒப்பந்தம் போட்டு, வகுப்பு, சமூகசேவை, பரிசோதனை எல்லாம் முடித்தால் வழக்கைக் கைவிடுவார்கள். இதிலும் கவனம் வேண்டும். சில கவுண்டிகளில் சேரும்போதே குற்றத்தை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டு கோப்பில் வைக்கச் சொல்வார்கள். அந்த ஒரு தாள் நாளைக்கு விசா அதிகாரியின் மேசைக்குப் போனால் என்ன ஆகும் என்று முன்னாலேயே கேட்க வேண்டும்.

"12.44" என்று ஒரு எண்ணும் பேரத்தில் அடிபடும். அது ஸ்டேட் ஜெயில் ஃபெலனிக்கு மட்டும். (பி) என்றால் டிஏ கேட்டுக்கொண்டு வழக்கையே கிளாஸ் ஏ மிஸ்டிமீனராக நடத்துவது, பதிவிலும் மிஸ்டிமீனர். (ஏ) என்றால் ஜெயில் நாட்கள்தான் மிஸ்டிமீனர் கணக்கு, பதிவு ஃபெலனியாகவே இருக்கும். ஓர் எழுத்துதான். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது "ஃபெலனி உண்டா" என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்பதை அந்த எழுத்து தீர்மானித்துவிடும்.

திருட்டு வழக்குகளையும் சொல்லிவிடுகிறேன், உன் வயதுப் பிள்ளைகள் அதிலும் மாட்டுகிறார்கள். 2,500 டாலரைத் தொட்டால் ஃபெலனி. கடையில் தானே ஸ்கேன் செய்யும் இடத்தில் வாரம் 200 டாலருக்கு விட்டுவிட்டு வந்தாலும், ஒரே திட்டமாக நடந்தது என்றால் எல்லாத் தொகையையும் கூட்டிக் கணக்குப் போடலாம். கிளாஸ் ஏ என்று இறங்கி வந்தாலும் அதன் உச்சம் சரியாக ஒரு வருடம். "ஓராண்டு அல்லது அதற்கு மேல் விதிக்கக்கூடிய" ஒழுக்கக்கேடான குற்றம் என்ற, நாடு கடத்தக் காரணம் தரும் மத்தியச் சட்ட வரிக்குள் அது வந்து விழுகிறது. கலிஃபோர்னியா இதற்காகவே தன் உச்சத்தை 364 நாளாக்கியது. டெக்சாஸ் ஆக்கவில்லை.

பார்ட்டி முடிந்து வண்டி ஓட்டுவதைப் பற்றி ஒன்று மட்டும். பின்சீட்டில் 15 வயதுக்குக் கீழே ஒரு குழந்தை இருந்தால், முதல் தடவை குடித்து ஓட்டினாலே ஸ்டேட் ஜெயில் ஃபெலனி. மாணவ விசாக்காரர் குடித்து ஓட்டிக் கைதானால், வழக்கு முடியும் முன்பே விசா முத்திரையை ரத்து செய்து மின்னஞ்சல் வரலாம்.

2010-இல் படில்லா வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது உங்களுக்கு உதவும்: ஒப்புதல் கொடுத்தால் நாடு கடத்தும் ஆபத்து உண்டா என்று கிரிமினல் வக்கீல் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் எல்லாக் கிரிமினல் வக்கீலுக்கும் குடியேற்றச் சட்டம் ஆழமாகத் தெரியாது. பேரத் தாளை ஒரு குடியேற்ற வக்கீல் படித்து, தன் கருத்தை எழுத்தில் தரட்டும். பெயிலுக்குப் போக நீங்கள் சேர்த்த பணத்தில் மிச்சம் இருந்தால் அதை இதற்கு வையுங்கள்.

திங்கட்கிழமை அவன் வக்கீலைப் பார்க்கும்போது கையில் இருக்க வேண்டியவை: பாஸ்போர்ட், விசா பக்கத்தின் நகல், ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் வந்த பதிவு), பாண்ட் (ஜாமீன்) தாள், அடுத்த வாய்தா தேதி. போனைத் திறந்து யாரிடமும் கொடுக்க வேண்டாம். பழைய மெசேஜ்களை அழிக்கவும் வேண்டாம். அழித்தால் சாட்சியத்தை அழித்ததாக இன்னொரு ஃபெலனி சேரலாம். இது உனக்கும் சேர்த்துத்தான்.

அவன் அம்மாவுக்கு விஷயம் தெரியுமா? தெரியாது என்றால், அவன் சம்மதத்தைக் கேட்டுவிட்டு என் நம்பரைக் கொடு. ஊரிலிருந்து எந்த நேரம் கூப்பிட்டாலும் எடுக்கிறேன்.

அன்புடன்,
அம்மா