கீழே வைக்காத பத்து நிமிடம்: கெட்டில்பெல் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அண்ணாச்சி, நிர்வாகக் குழு நண்பர்களே, மூன்று மாடி ஏறி வந்திருக்கும் உறுப்பினர்களே, வணக்கம்.

போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம் என்று குறை சொன்னீர்கள். அதனால் இந்த முறை கூட்டம் நடந்த தேதிகளை விட்டுவிட்டேன். நடவடிக்கைப் புத்தகம் மேசையில் இருக்கிறது, வேண்டியவர்கள் புரட்டிக்கொள்ளலாம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரை வாசிக்க வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்பாரா என்பது வேறு விஷயம்.

முதலில் குண்டுகள். கெட்டில்பெல் என்பது மேலே கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு; நம் பிள்ளைகள் யாரும் அந்தப் பெயரை முழுசாகச் சொல்வதில்லை. ஆண்டுத் தொடக்கத்தில் வெளியூரிலிருந்து வார்ப்பிரும்புக் குண்டுகள் சில வாங்கினோம். எல்லாவற்றிலும் 16 என்று முத்திரை, அதாவது 16 கிலோ. ஒரு ஜோடியில் இடது கைக் குண்டு மட்டும் கனக்கிறது என்று ஒரு தம்பி சொல்லிக்கொண்டே இருந்தான். "குண்டுல ஒண்ணும் இல்லல, ஒன் கையிலதான் பலம் காணாது" என்று நானும் கிண்டல் பண்ணினேன். கடைசியில் கீழே அரிசி மண்டித் தராசில் வைத்துப் பார்த்தால் ஒன்று 15 முக்கால், மற்றது 17-க்கு மேல். அந்தத் தம்பியிடம் இந்தச் சபையில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். விற்றவர் திருப்பி எடுக்க மறுத்துவிட்டார். கனமானது இப்போது கதவு சாத்தாமல் இருக்க முட்டுக் கொடுக்கிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. இந்தக் குண்டே பூர்வீகத்தில் எடைக்கல்தான். ரஷ்யச் சந்தைகளில் தானியம் நிறுக்க வைத்திருந்தது. அங்கே பெயர் கீர்யா. அவர்கள் அளவு பூட். ஒரு பூட் 16.38 கிலோ. 16, 24, 32 என்று வருவது அதனால்தான்: ஒன்று, ஒன்றரை, இரண்டு பூட். சந்தை ஆட்கள் பொழுது போகாமல் தூக்கிப் பார்த்தது, 1885-ல் பீட்டர்ஸ்பர்க்கில் டாக்டர் கிராயெவ்ஸ்கி தொடங்கிய வட்டத்தில் முறையான பயிற்சியானது. சரியாக நூறு வருஷம் கழித்து, 1985-ல் லிபெட்ஸ்க் நகரத்தில் முதல் சோவியத் சாம்பியன்ஷிப் நடந்தது. எடைக்கல்லாகப் பிறந்த ஒன்று எடை தப்பி வந்தது ஒரு கூத்து. அதை நாம் அரிசி மண்டியின் மொட்டை மாடியில் வைத்துப் பழகுவது இன்னொன்று.

இப்போது போட்டிக்கான எஃகுக் குண்டுகள் இரண்டு ஜோடி வந்திருக்கின்றன. 16 மஞ்சள், 24 பச்சை. எடை எதுவானாலும் உருவம் ஒன்றே. உள்ளே கூட்டிக் குறைத்துச் சரிக்கட்டுகிறார்கள். இதனால் எடை மாறினாலும் குண்டு முன்கையில் உட்காரும் இடம் மாறாது. தயவுசெய்து கைப்பிடியில் எண்ணெய்க் கையோடு தொடாதீர்கள். சாக்பொடி இருக்கும் டப்பாவில் யாரோ கோலமாவைக் கொட்டி வைத்திருந்ததும் விசாரணையில் இருக்கிறது.

இனி இந்த ஆண்டின் பெரிய சண்டை. பலம் முக்கியமா, தாக்குப்பிடிப்பது முக்கியமா? கமிட்டியே இரண்டாகப் பிரிந்தது உங்களுக்குத் தெரியும். ஒரு கட்சி, பார்பெல்லில், அதாவது இரு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பியில், கனத்தைக் கூட்டு, மற்றது தானாக வரும் என்றது. இன்னொரு கட்சி, குண்டைக் கீழே வைக்காமல் நிமிடக்கணக்கில் செய்யும் நீள செட் தவிர எதுவும் வேண்டாம் என்றது.

நம் ஊரில் பலம் என்றால் ஒரே மூச்சில் தெரிந்துவிட வேண்டும். பொங்கலுக்கு வடலிவிளையில் இளவட்டக்கல்லைத் தோளில் ஏற்றிப் பின்னால் போட்டுவிட்டால் வேலை முடிந்தது, விசில் பறக்கும். இந்த விளையாட்டு அப்படி இல்லை. கடிகாரம் 10 நிமிடம் ஓடும். அதற்குள் எத்தனை தடவை தலைக்கு மேல் நிறுத்துகிறோம் என்பதுதான் கணக்கு. நடுவில் தரையில் வைத்தால் அத்தோடு முடிந்தது. இரண்டு 24 கிலோ குண்டுகளை 100 தடவை ஜெர்க் செய்தால், அதாவது மார்பிலிருந்து தலைக்கு மேல் ஏற்றினால், மொத்தம் 4800 கிலோ. கீழே மண்டியில் 50 கிலோ மூட்டையாக வைத்தால் 96 மூட்டை. லோடுமேன் அண்ணாச்சிமாருக்கு இது புரியும். அவர்கள் மூட்டைக்கு மூட்டை நடுவே ஒரு பீடியாவது குடிப்பார்கள்.

ராதாபுரம் பக்கத்திலிருந்து வரும் தம்பி கல் தூக்குகிற ஆள். தை மாதம் நாம் நமக்குள் வைத்த போட்டியில் பச்சை ஜோடியை எடுத்தான். முதல் நிமிடத்தில் 18. மாடியே கைதட்டியது. இரண்டாவது நிமிடத்தில் 13. மூன்றாவதில் முகம் கறுத்தது. நாலாவது நிமிடத்தில் குண்டுகளை மார்பில் பிடித்தபடி நின்றான். கீழேயும் விடவில்லை, மேலேயும் போகவில்லை. பிறகு வைத்துவிட்டான். பலம் தீர்ந்துபோகவில்லை, ஐந்து நிமிடம் கழித்து அதே குண்டுகளைச் சும்மா தூக்கிக்கொண்டு போய் ஓரத்தில் வைத்தான்.

காரணம் மார்பில் பிடிக்கும் நிலைதான். முழங்கையை இடுப்பெலும்பின் மேல் ஊன்றி, முழங்காலை நேராக்கி, குண்டின் பாரத்தை எலும்பு வழியாகத் தரைக்கு இறக்க வேண்டும். அப்போது கை சும்மா இருக்கும், மூச்சு இரண்டு மூன்று வாங்கிக்கொள்ளலாம். அவன் முழங்கை இடுப்பை எட்டவில்லை. அதனால் ஓய்வெடுக்க வேண்டிய நேரமெல்லாம் தோளும் முன்கையும் இறுகியே இருந்தன. தசை பலமாக இறுகினால் உள்ளே ரத்தக் குழாய் நசுங்கும். ரத்தம் போகாத கை எத்தனை பெரிய கையானாலும் மரத்துப்போகும். அவனுக்குக் குறை தோளில் இல்லை, இடுப்பு வளையாததில்.

அதற்காகப் பலம் வேண்டாம் என்பவர்கள் பக்கமும் நான் இல்லை. ஒரு கையால் 30 கிலோதான் தூக்க முடியும் என்றால் 24 கிலோ என்பது அவனுக்கு எல்லைக்குப் பக்கத்து வீடு. 50 தூக்குகிறவனுக்கு அது பாதி வழி. அவனால் பாட்டுப் பாடிக்கொண்டே செய்ய முடியும், இடுப்பில் ஊன்றத் தெரிந்தால். கடைசியில் செவ்வாய்க்கிழமை பார்பெல், வியாழனும் ஞாயிறும் நீள செட் என்று முடிவானது. எந்தக் குண்டானாலும் நிமிடத்துக்கு 6 என்று மெதுவாகப் பத்து நிமிடம் நின்று காட்டாமல் அடுத்த எடைக்குப் போகக்கூடாது. இந்த விதி யாருக்கும் பிடிக்கவில்லை. எனக்கும் பிடிக்கவில்லை, நான் இன்னும் மஞ்சளிலேயே ஏழாவது நிமிடத்தில் வைத்துவிடுகிறேன்.

பெண்கள் பிரிவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. மேலப்பாளையத்திலிருந்து வரும் அக்கா, வீட்டில் பீடி சுற்றுகிறவர்கள். அதே தை மாதப் போட்டியில் 12 கிலோ ஸ்னாட்ச். ஸ்னாட்ச்சில் மார்பில் ஓய்வே கிடையாது. கால்களுக்கு நடுவிலிருந்து நேரே தலைக்கு மேல், மேலே நிற்கும் அந்த ஒரு நொடிதான் ஓய்வு. கை மாற்ற ஒரே ஒரு வாய்ப்பு. அக்கா சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடங்கினார்கள். முதல் நிமிடம் எப்படியோ கடைசி நிமிடமும் அப்படி. வேகமும் கூடவில்லை, முகமும் மாறவில்லை. கீழே வரும்போது விரல்களைக் கொக்கி மாதிரி லேசாக மடக்குவார்கள், மேலே போனதும் விரல்கள் திறந்தே இருக்கும். ஐந்தாவது நிமிடம் தாண்டிக் கை மாற்றினார்கள். மணி அடித்தபோது 150.

எப்படி எண்ணினீர்கள் என்று கேட்டேன். "ஆயிரம் பீடிய மொத்தமா நெனச்சா கை ஓடாது அண்ணாச்சி. இருவத்தஞ்சு ஒரு கட்டு. கட்டு கட்டா நெனைக்கணும். இது ஆறு கட்டு, அம்புட்டுதான்."

நடுவர் நான்தான். இரண்டு தடவை முழங்கை முழுசாக நீளவில்லை என்று நோ கவுண்ட் கொடுத்திருந்தேன். 148 என்று எழுதினேன். அதற்கு அக்கா சொன்னது சபைக்குத் தெரிய வேண்டும்: "கடையிலயும் கழிக்காவ, இங்கயும் கழிக்கியளா?" இதற்குப் பதில் என்னிடம் இல்லை. ஆனால் விதி விதிதான். கையும் முழங்காலும் நீண்டு குண்டு அசையாமல் நின்றால்தான் ஒன்று.

காயங்கள்: உள்ளங்கைக் காய்ப்பு பெயர்ந்தவர்கள் ஏழெட்டுப் பேர். குளித்தபின் காய்ப்பைத் தேய்த்து மட்டமாக்கச் சொல்லியும் யாரும் செய்வதில்லை. இடுப்புப் பிடிப்பு ஒன்று, அதுவும் குண்டால் இல்லை, தண்ணீர்க் கேனைத் தூக்கியதில். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் டாக்டர் கடிதம் இல்லாமல் நீள செட் செய்யக்கூடாது. மூச்சை அடக்கித் தூக்கினால் அழுத்தம் ஏறும். கோபப்படாமல் கடிதத்தைக் கொண்டு வாருங்கள்.

ஐப்பசி கார்த்திகையில் மாடியில் தண்ணீர் நின்று, நாட்கணக்கில் பயிற்சி கெட்டது. மண்டி முதலாளி தகரக் கூரை போடச் சம்மதித்திருக்கிறார், பாதிச் செலவு நமது. அக்னி நட்சத்திர நாட்களில் காலை ஐந்து மணிக்கு மாற்றியதற்கு வந்த கூட்டத்தைப் பார்த்தால், சூரியனை விடத் தூக்கம்தான் நமக்குப் பெரிய எதிரி என்று தெரிகிறது.

வரும் ஆண்டுக்கு மூன்று கோரிக்கைகள். எல்லாருக்கும் தெரிகிற மாதிரி ஒரு பெரிய கடிகாரம். பெண்களுக்கு மாலை நாலு மணி நேரம், பீடி கொடுத்துவிட்டு வர வசதியாக. அப்புறம், இரண்டாவதாக ஒரு நடுவர். அந்த இரண்டு எண்ணிக்கையைப் பற்றி மேலப்பாளையம் அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசவில்லை. ராதாபுரம் தம்பி நடுவர் வேலைக்குப் பழக முன்வந்திருக்கிறான். இப்போது மஞ்சள் ஜோடியில் ஒன்பது நிமிடம் நிற்கிறான்.

இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைக்கிறேன். கீழே கருப்பட்டி போட்ட உளுந்தங்களி தயாராக இருக்கிறது. குண்டுகளைத் துடைத்து வைத்துவிட்டு இறங்குங்கள்.