இழுப்புக்கு எந்தப் பக்கத்து வம்சம் காரணம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தைகளுக்கு வரும் ஆஸ்துமா பற்றி நீங்கள் வெளியிட்ட கட்டுரையில் 'இது பரம்பரை நோய்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் பழைய பஞ்சாயத்து மறுபடி தொடங்க அந்த ஒரு வரி போதும். பையனுக்கு வீசிங் வந்தாலே "எங்க பக்கம் யாருக்கும் இழுப்பு கிடையாதும்மா" என்பார் மாமியார். அவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மாமனார் திண்ணையில் உட்கார்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருப்பார்!

பரம்பரைக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. அப்பா அம்மா இருவரில் ஒருவருக்கு ஆஸ்துமா இருந்தாலே பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடத்தான் செய்கிறது. ஆனால் 'ஆஸ்துமா மரபணு' என்று தனியாக ஒன்று கிடையாது, ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்கு வைக்கும் மரபணு மாறுபாடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் சிறு வயது ஆஸ்துமாவோடு அழுத்தமாகத் தொடர்புபட்டது 17-ஆவது குரோமோசோமில் ஓஆர்எம்டிஎல்3 என்ற மரபணு இருக்கும் பகுதி. 2007-ல் கண்டுபிடித்தார்கள். ஆஸ்துமாவே இல்லாத ஏராளமான பேரிடமும் அந்த மாறுபாடு இருக்கிறது, அப்புறம் எந்தப் பக்கத்து வம்சத்தைக் குறை சொல்வது?

அடுத்த ஆண்டே பிரான்சில், ஆஸ்துமா உள்ள குடும்பங்களை வைத்து ஓர் ஆய்வு வந்தது. நாலு வயதுக்குள் தொடங்கும் ஆஸ்துமாவில்தான் இந்த மாறுபாட்டின் தாக்கம் தெரிந்தது, அதிலும் சின்ன வயதிலேயே சிகரெட் புகையில் வளர்ந்த பிள்ளைகளிடம் இன்னும் கூடுதலாக. கட்டுரையில் இருந்திருக்க வேண்டியது இதுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். இரண்டுமே ஐரோப்பாவிலிருந்து போனவை, மரபணுவிலும் நெருங்கிய ஒற்றுமை. ஆமிஷ் பிள்ளைகள் வீட்டை ஒட்டியே இருக்கும் தொழுவத்தில் மாட்டோடு மாடாக வளர்கிறார்கள், ஹட்டரைட்டுகளின் பண்ணை எல்லாம் எந்திரமயம், வீட்டிலிருந்து தள்ளியும் இருக்கும். பள்ளிப் பிள்ளைகளில் ஆஸ்துமா ஆமிஷிடம் சுமார் 5 சதவீதம், ஹட்டரைட்டிடம் 21 சதவீதம் என்று 2016-ல் வெளிவந்த ஆய்வு சொல்கிறது. (அதற்காக அபார்ட்மென்ட் பால்கனியில் மாட்டைக் கட்டச் சொல்லவில்லை, ஏற்கெனவே வீசிங் உள்ள பிள்ளையைத் தொழுவத்துக்குத் துரத்தவும் சொல்லவில்லை.)

நம் வீடுகளில் பீடி சிகரெட் மட்டுமா புகை? தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் கைக்குழந்தையைக் குப்புறப் பிடித்து, கரி கனலும் தூபக்காலில் சாம்பிராணியைத் தூவி, முடி காயக் காட்டுகிறோம். ராத்திரி கதவு ஜன்னலைச் சாத்திவிட்டுக் கட்டிலுக்கடியில் கொசுவத்தி வேறு. பிரான்ஸ் ஆய்வில் சாம்பிராணியெல்லாம் வரவில்லை, சரி, ஆனாலும் இழுக்கிற பிள்ளைக்கு எந்தப் புகையும் ஆகாது என்பதில் சந்தேகம் வேண்டாம். ஒரு குழந்தை நல மருத்துவரிடம் கேட்டு இதைத் தனிக் கட்டுரையாகவே போடுங்கள். சாம்பிராணியை விட மனமில்லாத பாட்டிகளுக்குப் புரிகிற மாதிரி எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி, திண்டுக்கல்