ஆய்வு மதிப்பீட்டுக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

எங்களுக்குத் தாவர வகைப்பாட்டியல் கற்பித்த பேராசிரியரின் பதவி உயர்வு விண்ணப்பத்தை, மேற்கோள் எண்ணிக்கை, அதாவது பிற ஆய்வாளர்கள் அவருடைய ஆய்வுகளைத் தங்கள் கட்டுரைகளில் சுட்டிய எண்ணிக்கை, போதுமானதாக இல்லை என்ற ஒற்றை வரியோடு தாங்கள் திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள். விண்ணப்பமும் அதன் இணைப்புகளும் தங்களிடமே இருப்பதால் அவற்றை நான் இங்கே விவரிக்கவில்லை. அவற்றுள் ஒரு பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதி ஒன்றின், வகைப்பாடு முழுவதையும் திருத்தி எழுதிய ஒரு நூலும் இருக்கிறது. அந்த நூலைப் படித்துவிட்டு முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

அத்தகைய நூலை எழுதுபவர் அந்தப் பேரினத்தின் ஒவ்வொரு சிற்றினத்தையும் பூவோடும் காயோடும் பார்த்திருக்க வேண்டும். நூறாண்டுகளுக்கு முன் உலர்த்தி ஒட்டிய மூலமாதிரிகளை, அதாவது ஒரு பெயருக்கு அடிப்படையாக வைக்கப்பட்ட செடிகளை, தேடிச் சென்று ஒப்பிட்டு, ஒரே செடிக்குப் பலர் இட்ட பெயர்களில் எது முந்தியது, எது செல்லும் என்று முடிவு செய்ய வேண்டும். நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பூக்கிறது. சில மூங்கில்களுக்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. புதிய சிற்றினங்களில் 16 விழுக்காடு மட்டுமே முதன்முதலில் சேகரிக்கப்பட்ட ஐந்தாண்டுகளுக்குள் விவரிக்கப்படுகின்றன என்றும், ஏறத்தாழ கால்பங்கு ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்கின்றன என்றும் 2010-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. தங்கள் படிவமோ அண்மைய சில ஆண்டுகளின் கட்டுரைகளை மட்டுமே கேட்கிறது.

இதைவிட என்னை வருத்துவது வேறொன்று. நெல்லின் அறிவியல் பெயரை ஒரைசா சட்டைவா எல். என்று எழுதுகிறோம். கடைசியில் நிற்கும் அந்த எழுத்து, 1753-இல் அப்பெயரை வெளியிட்ட தாவரவியலாளர் லின்னேயஸைக் குறிக்கிறது. நெல்லைப் பற்றிய எத்தனையோ கட்டுரைகளில் அவர் இப்படி நிற்கிறார். ஆனால் அவருடைய நூல் அக்கட்டுரைகளின் மேற்கோள் பட்டியலில் ஏறுவது அரிது. தரவுத்தளங்கள் எண்ணுவதோ அந்தப் பட்டியலை மட்டும்தான். எங்கள் பேராசிரியர் விவரித்த சிற்றினங்களுக்கும் இதே கதிதான். அவற்றின் இலைச்சாற்றை ஆராயும் வேதியியலாளர்கள் செடியின் பெயருக்குப் பின்னால் அவர் பெயரைச் சுருக்கி எழுதிவிட்டு மேலே செல்கிறார்கள். அவருடைய கணக்கில் எதுவும் சேர்வதில்லை. அவர்கள் அனுப்பும் கிளைகளை இனங்காணும் வேலையும் பல வேளைகளில் அவரிடமே வருகிறது. செடி தவறாக இனங்காணப்பட்டால் அதன்மேல் செய்த சோதனை முழுவதும் வீண் என்பது தாங்கள் அறியாததல்ல. இருந்தும் அந்த உழைப்புக்குக் கிடைப்பது நன்றியுரையில் ஒரு வரி. அதை எந்தக் குறியீடும் எண்ணுவதில்லை, தாங்களும் எண்ணவில்லை.

ஆய்வாளரை மதிப்பிடப் பயன்படும் எச்-குறியீட்டை 2005-இல் முன்வைத்த ஹெர்ஷ் ஓர் இயற்பியலாளர். குறைந்தது பத்து முறையாவது மேற்கோள் காட்டப்பட்ட பத்து படைப்புகள் இருந்தால் ஒருவரின் குறியீடு பத்து. அந்தக் கணக்கின்படி, வாழ்நாள் உழைப்பை ஒரே நூலில் இறக்கிவைத்தவரின் மதிப்பு, அந்த நூலை ஆயிரம் பேர் மேற்கோள் காட்டினாலும், ஒன்றுதான். கோயம்புத்தூரில் கரும்பின் குரோமோசோம்களை ஆராய்ந்த ஜானகி அம்மாள், 1945-இல் மரபியலாளர் டார்லிங்டனுடன் இணைந்து பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் எண்களைத் தொகுத்து ஒரு பெருநூலாக வெளியிட்டார். மக்காச்சோளத்தில் இடம்பெயரும் மரபுக்கூறுகளைப் பற்றி மரபியலாளர் பார்பரா மெக்லின்டாக் 1951-இல் எடுத்துரைத்ததற்கு, 1983-இல்தான் நோபல் பரிசு வந்தது. இவர்களில் எவர் தங்கள் படிவத்தைத் தாண்டி வந்திருப்பார்?

கருத்தரங்குதோறும் பல்லுயிர்ப் பாதுகாப்பைப் பற்றிப் பேசுகிறோம். பாதுகாக்க வேண்டியது எந்தச் செடி என்று சொல்லக்கூடியவர்கள் ஓய்வு பெறும்போது அந்த இடங்கள் நிரப்பப்படாமலே போகின்றன; இத்துறைக்கு வந்தால் வேலை கிடைக்குமா என்று கேட்கும் மாணவருக்கு நேர்மையான பதில் சொல்ல எங்களால் முடிவதில்லை. தங்கள் ஒற்றை வரி அவர்களுக்கும் ஒரு பதிலாகிவிட்டது என்பதால்தான் இவ்வளவு வேதனையோடு எழுதுகிறேன். கடுமை தென்பட்டால் பொறுத்தருளுங்கள்.

ஒருவரை மதிப்பிட, அவர் எழுதிய இதழின் தாக்கக் காரணியை, அதாவது அவ்விதழின் கட்டுரைகள் சராசரியாகப் பெறும் மேற்கோள்களை, அளவுகோலாகக் கொள்ள வேண்டாம் என்றும், கட்டுரையின் உள்ளடக்கத்தைப் பாருங்கள் என்றும் ஆய்வு மதிப்பீட்டைப் பற்றி 2012-இல் உருவான சான் பிரான்சிஸ்கோ சாற்றுரை (டோரா) கேட்டுக்கொள்கிறது. நான் கேட்பதும் அதுவே. வகைப்பாட்டியல் அறிந்தவர்களைக் குழுவில் சேர்த்து, அந்த நூலை அவர்களிடம் கொடுத்துப் படிக்கச் செய்யுங்கள். அவர் பெயரிட்ட சிற்றினங்களையும் இனங்கண்டு தந்த மாதிரிகளையும் ஆய்வுப் பணியாகக் கணக்கில் கொள்ளுங்கள். அதன் பிறகும் தங்கள் முடிவு மாறாவிட்டால், அதற்கான காரணத்தை நூலின் பக்கங்களைச் சுட்டி அவருக்கு எழுத்தில் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அவருடைய முன்னாள் மாணவர்களில் ஒருவர்