மென்பவளத்திலிருந்து பிரிக்கக் கூடாத கடல் நத்தை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பவளத்திட்டு உயிர்களைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வெளியான கட்டுரை, ஓடில்லாக் கடல் நத்தைகளின் நிறங்கள் யாவும் மீன்களுக்கு விடுக்கும் எச்சரிக்கையே என்று கூறி, அவை மீன்தொட்டிக்கு அழகு சேர்க்கும் என்றும் முடித்திருந்தது. முதற்கூற்று பல இனங்களுக்குப் பொருந்தும். கல் போன்ற கூடில்லாத மென்பவளங்களையே தின்று வாழும் ஃபில்லோடெஸ்மியம் பேரினத்தில் பல இனங்களுக்குப் பொருந்தாது. இரண்டாவது கூற்றோ அவற்றின் உயிருக்கே உலை வைப்பது.

இந்நத்தைகளின் முதுகில் விரல் போன்ற நீட்சிகள் அடர்ந்திருக்கும். ஸீனியா என்னும் மென்பவளத்தில் வாழும் ஃபில்லோடெஸ்மியம் கிரிப்டிகம் அசையாமல் ஒட்டியிருக்கையில், நத்தையின் நீட்சி எது, பவளத்தை உருவாக்கும் சிற்றுயிரான பாலிப் எது என்று பழகிய கண்ணுக்கும் சட்டெனப் புலப்படாது. இது எச்சரிக்கும் நிறமன்று, ஒளிந்துகொள்ளும் நிறம்.

நிறத்தின் ஒரு பகுதி நத்தைக்குச் சொந்தமானதுகூட அன்று. ஏறத்தாழ 14 சென்டிமீட்டர் வரை வளரும் ஃபில்லோடெஸ்மியம் லாஞ்சிசிரம், சார்கோபைட்டன் என்னும் மென்பவளத்தைத் தின்னும்போது அதன் திசுவில் வாழும் நுண்பாசிகளைச் செரித்துவிடாமல், தன் நீட்சிகளுக்குள் கிளைத்து ஓடும் செரிமானக் குழாய்களில் உயிரோடு தங்க வைக்கிறது. அதன் உடலில் தெரியும் பழுப்பு வட்டங்கள் அப்பாசிகளின் திரள்களே. ஒளிச்சேர்க்கையில் அவை உருவாக்கும் உணவில் ஒரு பங்கு நத்தைக்கும் கிடைக்கிறது. மென்பவளம் தின்னும் இந்நத்தைகளின் உடலமைப்பையும் பாசியுடனான கூட்டுவாழ்வு வளர்ந்த விதத்தையும் கடல் நத்தை ஆய்வாளர் வில்லியம் ரட்மன் 1981ஆம் ஆண்டிலேயே விரிவாக எழுதியிருக்கிறார்.

கடல் சாமந்திகளைத் தின்னும் உறவின நத்தைகள் இரையின் கொட்டும் செல்களைத் திருடித் தம் ஆயுதமாக்கிக்கொள்கின்றன. இவை அவ்வாறு செய்வதில்லை. மென்பவளத்திலிருந்து பெறும் கசப்பு வேதிப்பொருள்களும், பிடிபட்டால் கழன்று விழுந்து எதிரியின் வாயில் ஒட்டிக்கொள்ளும் நீட்சிகளுமே இவற்றுக்குக் காவல்.

இப்படி உணவு, மறைவிடம், தற்காப்பு மூன்றையும் ஏதோ ஒருவகை மென்பவளத்திடமே பெறும் உயிரைத் தனியே பிடித்துத் தொட்டியில் விட்டால் என்ன ஆகும்? மீன் தீவனத்தை அது தொடாது. உள்ளிருக்கும் பாசிகளின் துணையால் சில வாரங்கள் நலமாய் இருப்பதுபோலத் தோன்றும். வாங்கியவர் தம் வளர்ப்புத் திறன் என்று மகிழ்ந்திருக்க, அது மெல்லச் சுருங்கிச் சாகும். தொட்டியில் அதற்குரிய மென்பவளமே இருந்தாலும், நத்தை தின்னும் வேகத்துக்கு ஒரு சிறு தொட்டிப் பவளம் ஈடுகொடுப்பது அரிது.

ஆகவே, இனி இத்தகைய நத்தைகளின் படங்களை வெளியிடுகையில் அவை எந்தப் பவளத்தின் மேல் எடுக்கப்பட்டவை என்பதையும் குறிப்பிடுமாறும், தொட்டி வளர்ப்பு குறித்த பரிந்துரைக்குத் திருத்தம் வெளியிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்