அம்மாவையும் ஒரு வார்த்தை கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளிப் பிள்ளைகளின் கற்றல் குறைபாடு பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை என் மகள் வாசிக்க, நான் பிளவுஸுக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டேன். நல்ல கட்டுரை. ஆனால் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பிள்ளைகள்தான். அந்தப் பிள்ளைகளுக்கு நாற்பது வயதானால் என்ன ஆகும் என்று ஒரு வரிகூட இல்லை. எனக்கு 42 வயது. வில்லாபுரத்தில் வீட்டிலேயே தையல் கடை. டிஸ்லெக்சியா என்கிற வாசிப்புச் சிக்கலும் ஏடிஹெச்டி என்கிற கவனச் சிக்கலும் எனக்கு இருப்பது போன வருடம்தான் தெரிந்தது.

அதுவும் எனக்காகப் போகவில்லை. நாலாம் வகுப்புப் படிக்கும் மகனைப் பரிசோதனைக்குக் கூட்டிப் போயிருந்தேன். அவனைப் பற்றி மருத்துவர் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னை அறியாமல் "நானும் அப்படித்தான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்ப உங்களையும் பாக்கணுமேம்மா" என்றார். உயரம் போல இதுவும் பெரும்பாலும் வழிவழியாக வருவதாம்.

டிஸ்லெக்சியா என்றால் எழுத்து தலைகீழாகத் தெரியும், துள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு எழுத்து அதன் இடத்தில்தான் நிற்கிறது. அதை ஒலியாக்கத்தான் நேரம் பிடிக்கிறது. அதனால் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகித்துக்கொள்வது சிறு வயதுப் பழக்கம். மதுரையில் இந்தப் பழக்கத்தை வைத்துக்கொண்டு பஸ் ஏற முடியுமா? திருமங்கலம், திருப்பரங்குன்றம், திருப்புவனம், திருவாதவூர், திருமோகூர்... எங்கு திரும்பினாலும் திரு! கல்யாணமான புதிதில் திருமங்கலத்தில் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பி, பெரியார் நிலையத்தில் ஏறினேன். கூட்டத்தில் நடத்துநர் என்னிடம் வந்து சேர்ந்தது சிலைமான் பக்கத்தில். "திருமங்கலம் ஒண்ணு" என்றதும் பஸ்ஸே சிரித்தது. அது திருப்புவனம் வண்டி. மயக்கமாக இருந்தது, கவனிக்கவில்லை என்று வீட்டில் பொய் சொன்னேன். இன்றைக்கும் நடத்துநர் கூவுவதைக் கேட்டுத்தான் ஏறுகிறேன்.

ஏடிஹெச்டி கதை வேறு. வகுப்பில் ஓடித் திரியும் பையன்கள் சீக்கிரம் கண்ணில் படுவார்கள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்த பெண். யாருக்கும் தொந்தரவில்லை, யாரும் கவனிக்கவும் இல்லை. இப்போதும் நாலு பிளவுஸ் கை வைக்காமல் கிடக்கும், நான் ஐந்தாவதை வெட்டிக்கொண்டிருப்பேன். ஆனால் ஆரி வேலை வந்துவிட்டால், ராத்திரி பத்து மணிக்கு உட்கார்ந்தவள் பால்காரர் மணி அடித்துத்தான் நிமிர்வேன். "இவளுக்கா கவனம் இல்ல?" என்று வீட்டுக்காரர் மருத்துவரிடமே கேட்டார். கவனம் இல்லாமல் இல்லை, அதை வேண்டிய இடத்தில் நிறுத்த முடியவில்லை என்று அவர் விளக்கினார்.

எல்லாருக்கும்தானே மறதி என்கிறார்கள். உண்மைதான். அதனால்தான் எடுத்த எடுப்பில் எழுதிக் கொடுத்துவிடவில்லை. தைராய்டு, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்த்தார்கள். 12 வயதுக்கு முன்பே அறிகுறி இருந்திருக்க வேண்டும் என்பதால் என் அம்மாவையும் வரச் சொன்னார்கள். "ரேஷன் கடைக்கு அனுப்புனா பை மட்டுந்தான் சார் திரும்பி வரும், சீனி வராது" என்று அம்மா உற்சாகமாகச் சாட்சி சொன்னார்.

நான் பத்தாம் வகுப்பில் ஆங்கிலத்தில் தோற்றது 1999இல். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் கற்றல் குறைபாடும் இருக்கிறது. பொதுத் தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் எல்லாம் மகனுக்குக் கிடைக்கும். (ஏடிஹெச்டி மட்டும் தனியாக அந்தப் பட்டியலில் இல்லை. ஏனோ.) சரி, பரீட்சை எழுதப் போகாத உனக்கு எதற்கு இந்தப் பெயர் என்று தங்கை கேட்டாள். இத்தனை வருடம் எனக்கு 'சோம்பேறி' என்ற பெயர் இருந்ததே, அதை யாரும் எதற்கு என்று கேட்கவில்லை. இப்போது காலையில் ஒரு மாத்திரை. டெலிவரி தேதிக்குக் கைப்பேசியில் அலாரம். அளவு நோட்டைப் பரணில் போட்டுவிட்டேன். அளவு பிளவுஸ் கொண்டு வந்தால்தான் துணியை வாங்குகிறேன், காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளையைப் பரிசோதிக்கும்போது கூட வந்த அம்மா அப்பாவிடமும் கேட்பதை எல்லா இடத்திலும் வழக்கமாக்க வேண்டும். எனக்கு நடந்தது அதிர்ஷ்டம்தான். அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகக் கூச்சப்படுகிறவர்கள் முதலில் டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416க்குப் பேசலாம். தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது. இதையெல்லாம் தாங்கள் ஒரு கட்டுரையாகப் போடலாமே.

இந்தக் கடிதம் நான் வாயால் சொல்லச் சொல்லக் கைப்பேசி எழுதியது. பிழை இருந்தால் பழியை அதன் மேல் போடுங்கள். அப்புறம், அந்தக் கட்டுரை வரும்போது எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, வரிகளுக்கு நடுவில் இடம் விட்டு அச்சிடுங்கள். மகளைக் கூப்பிடாமல் நானே வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
வில்லாபுரம், மதுரை.