கேமராவைக் கையில் கொடுப்பதற்கு முன்னால்

அன்புள்ள பாப்பா,

நேற்று ராத்திரி பாதிப் பேச்சில் லைன் போய்விட்டது. நீ கேட்ட கேள்வி மட்டும் என்னோடேயே இருந்தது, அதனால் எழுதுகிறேன். கோயம்புத்தூரில் மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் சனிக்கிழமைதோறும் ஏழாவது, எட்டாவது பிள்ளைகளுக்குச் செய்தி எழுதவும் படமெடுக்கவும் சொல்லித்தரப் போகிறாய், எங்கிருந்துப்பா ஆரம்பிக்கிறது என்று கேட்டாய். பேப்பரில் படமெடுக்கிற நீ என்னிடம் வந்து இதைக் கேட்டது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நேரில் வரும்போது சொல்கிறேன்.

முதல் நாளே கேமராவையோ போனையோ கையில் கொடுத்துவிடாதே அம்மாடி. இங்கே என் வகுப்பில் நான் முதல் இரண்டு வாரம் பழைய நோட்டு அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சதுரம் வெட்டச் சொல்வேன். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைச் சுற்றி வருவார்கள். அட்டையை முகத்துக்குக் கிட்டே வைத்தால் நிறையத் தெரியும், கையை நீட்டிப் பிடித்தால் கொஞ்சம்தான் தெரியும். எதை உள்ளே வைக்கிறோம், எதை வெளியே விடுகிறோம் என்பதை நாம்தான் முடிவு செய்கிறோம் என்று ஒரு மணி நேரம் பேசினாலும் ஏறாது, அட்டையைப் பிடித்துப் பத்து நிமிஷம் நடந்தால் ஏறிவிடும். இன்னொன்றும் இருக்கிறது, பெண்பிள்ளைகள் கையில் போனே தராத வீடுகள் இங்கே நிறைய. அட்டை என்றால் எல்லோரிடமும் ஒன்று இருக்கும்.

சதுரத்துக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று கேட்கப் பழக்குவதற்கு நம் ஊர்க் கதையே எனக்குப் போதுமாக இருக்கிறது. 1930-இல் ராஜாஜி ஏப்ரல் 13 திருச்சியில் கிளம்பினார், 28-ஆம் தேதி வேதாரண்யம் வந்தார், 30-ஆம் தேதி உப்பு அள்ளினார், இதைப் பிள்ளைகள் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்கள். சரி, வழியெல்லாம் அவருக்கும் கூட நடந்தவர்களுக்கும் சோறு போட்டது யார் என்று கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும். இவர்களுக்குச் சாப்பாடோ தங்க இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டிருந்தார். ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டுவிட்டுப் போய்விட்டார்கள். "அந்த மரத்தடியில நீ நிருபரா நின்னிருந்தா யாரைத் தேடிப் போயிருப்பே, என்ன கேட்டிருப்பே?" என்று விட்டுவிடுவேன். யார், என்ன, எப்போது, எங்கே, ஏன், எப்படி என்ற ஆறு கேள்வியும் நான் போர்டில் எழுதாமலே அவர்கள் வாயிலிருந்து வந்துவிடும். உன் பிள்ளைகளுக்கு அங்கே மில் இருக்கிறது, பம்பு செட் பட்டறை இருக்கிறது, அவர்கள் வீட்டுப் பெரியவர்களே அதில் வேலை பார்த்திருப்பார்கள்.

இந்த வகுப்பை நான் ஏன் ஆரம்பித்தேன் என்று உன்னிடம் முழுதாகச் சொன்னதில்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நம் மேல் ஏறிப் போனபோது நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அப்புறம் வந்த நாட்களில் பெரிய பெரிய கேமராவோடு நிறையப் பேர் வந்தார்கள். விழுந்து கிடந்த தென்னைமரத்தின் மேல் நம் பிள்ளைகளை நிற்கவைத்துப் படமெடுத்தார்கள். அவர்கள் வராவிட்டால் நம் நிலைமை வெளியே தெரிந்திருக்காது, அதை நான் மறக்கவில்லை. ஆனால் ஒரு மாதம் கழித்து ஏழாவது படிக்கிற பிள்ளை ஒருத்தி வந்து, "சார், அந்த போட்டோ எங்க சார் இருக்கு? நான் அதுல எப்படி இருக்கேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. யார் எடுத்தது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அடுத்த ஜனவரியில் பொங்கல் லீவு முடிந்து வந்ததும் கையெழுத்துப் பத்திரிகையை ஆரம்பித்தோம், முதல் இதழ் முழுக்கப் புயல்தான். அதில் ஒருத்தி "எங்கள் ஊரில் ஆயிரக்கணக்கான மரங்கள் விழுந்தன" என்று எழுதிக் கொண்டுவந்தாள். யார் எண்ணினது என்று கேட்டேன். மறுநாள் போய் எண்ணிவிட்டு வந்து, "எங்கள் தெருவில் 43 தென்னை, 2 புளி" என்று மாற்றி எழுதினாள். இன்றைக்கும் புது வகுப்புக்கு நான் முதலில் படித்துக்காட்டுவது அந்த வரியைத்தான்.

உப்பளத்துக்குப் போனது அதற்கு அடுத்த வருஷம். பாதிப் பிள்ளைகளின் அப்பா அம்மா அங்கேதான் வேலை, வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும் என்று இருட்டோடேயே கிளம்பிவிடுவார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது பத்து மணி ஆகிவிட்டது, எடுத்த படத்திலெல்லாம் முகம் கரிக்கட்டையாக இருந்தது. இதை நீயே எனக்கு முன்னால் சொல்லித் தந்திருக்கிறாய்: சுற்றிலும் வெள்ளையாக இருந்தால் போன் அந்த வெளிச்சத்தைக் கணக்கில் எடுத்துக்கொண்டு படத்தையே இருட்டாக்கிவிடும், திரையில் முகத்தின் மேல் விரலை வைத்துத் தொட்டால் சரியாகும். அதைச் சொல்லிக்கொடுத்தேன். அப்போது ஒரு பையன், "கேமராவுக்கே கண்ணு கூசுதுன்னா எங்க அம்மாவுக்கு எப்படி சார் இருக்கும்?" என்றான். அன்றைக்குச் சாயங்காலம் அவன் அம்மாவிடம் அதையே போய்க் கேட்டிருக்கிறான், கண்ணெரிச்சலைப் பற்றி ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தான். மழைக்காலத்தில் வேலை கிடையாது என்று அரசாங்கம் கொடுக்கிற 5,000 ரூபாயை எந்த வீட்டில் எதற்குச் செலவு செய்தார்கள் என்று பின்னால் எட்டாவது பிள்ளைகள் கேட்டு எழுதியதற்கும் அவன் கட்டுரைதான் காரணம்.

அதே பயணத்தில்தான் என் தப்பும் நடந்தது. இன்னொரு பையன் உப்பு வாருகிற ஓர் அம்மாவின் காலை மட்டும் எடுத்திருந்தான், வெடித்துப் போன பாதம், அருமையான படம். நான்தான் அதைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு, "உழைப்பின் வலி" என்று தலைப்பும் கொடுத்துச் சுவரில் ஒட்டினேன். அந்தக் கால் அவன் வகுப்பிலேயே படிக்கிற பிள்ளையின் அம்மாவுடையது. விரலில் போட்டிருந்த மெட்டியை வைத்து அவள் கண்டுபிடித்துவிட்டாள். இரண்டு நாள் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அந்த அம்மா கோபப்படவே இல்லை பாப்பா. "எடுக்கும்போது ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் நிமிந்து நின்னிருப்பேன் சார்" என்று மட்டும் சொன்னார்கள். மறுவாரம் அந்தப் பையனும் அந்தப் பிள்ளையும் சேர்ந்தே போய், அவர்கள் நிமிர்ந்து நிற்கிற படத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள். பழைய படத்தைக் கிழித்தது நான்தான்.

அதிலிருந்து ஒரே ஒரு சட்டம்தான் வைத்திருக்கிறேன். எந்தப் படமும் சுவருக்குப் போவதற்கு முன்னால் படத்தில் இருக்கிறவரிடம் போக வேண்டும். எடுத்த பிள்ளையே கொண்டுபோய்க் காட்ட வேண்டும், படக்குறிப்பைப் படித்துக்காட்ட வேண்டும், பேரும் இனிஷியலும் சரியா என்று கேட்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம். இப்படித் திரும்பிப் போகிறபோதுதான் உண்மையான செய்தியே கிடைக்கிறது, முதல் தடவை யாரும் முழுசாகப் பேசுவதில்லை. படக்குறிப்பில் "பாவப்பட்ட", "ஏழைப் பெண்" இதெல்லாம் தானாகவே உதிர்ந்துவிடும், ஆளுக்கு முன்னால் நின்று அதைப் படிக்க எந்தப் பிள்ளைக்கும் வாய் வராது. ராமநாதபுரத்தில் கடல்பாசி எடுக்கிற பெண்களைப் பற்றிப் புகைப்படக்காரர் பழனி குமார், கிராமத்து ஜனங்களைப் பற்றி எழுதுகிற பாரி (PARI) இணையதளத்தில் செய்திருக்கிற படக்கதையைப் பிள்ளைகளுக்குக் காட்டு, அந்தப் பெண்கள் பேரோடும் பேச்சோடும் இருக்கிறார்கள். ஆனால் அதைக் கடைசி மாதத்தில் காட்டு. முன்னாலேயே காட்டினால் அதே மாதிரி எடுக்க முயற்சி செய்வார்கள்.

உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். பிள்ளைகள் படத்துக்குப் பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொள். ஏதாவது கஷ்டத்தில், வழக்கில் மாட்டியிருக்கிற பிள்ளையின் முகமோ பேரோ எங்கேயும் வரக் கூடாது, சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு அதைத் தடை செய்கிறது. வாட்ஸ்ஆப் குரூப்பில் படம் போகவே கூடாது. எழுத்து நன்றாக வந்தால் ‘தேன்சிட்டு’ சிறுவர் இதழுக்கு அனுப்பச் சொல், 2022-இல் அரசாங்கம் இதை ஆரம்பித்ததிலிருந்து நம் பிள்ளைகள் அதில் தங்கள் வயதுப் பிள்ளைகள் எழுதியதைத்தான் முதலில் தேடிப் படிக்கிறார்கள்.

ஒரு கதைக்கு 12 படத்துக்கு மேல் எடுக்க விடாதே. தூரத்திலிருந்து ஒன்று, ஆளும் வேலையும் தெரிகிற மாதிரி ஒன்று, கை, முகம், அப்புறம் அவர்களுக்குத் தோன்றுகிறது. அதிலிருந்து 5 எடுத்து ஒட்டட்டும், எது முதலில் எது கடைசியில் என்று சண்டை போட்டுக்கொள்ளட்டும், நீ நடுவில் போகாதே.

போன வருஷத்து இதழ் இரண்டை நாளைக்குப் பார்சலில் போடுகிறேன், பத்திரமாகத் திருப்பி அனுப்பு, வேறு பிரதி கிடையாது. பள்ளிக்கூடத்தில் செலவுக்குப் பணம் கேட்டால் பிரிண்டுக்கு என்று முதலிலேயே தனியாகக் கேட்டு வாங்கு. சுவருக்கு ஒன்று, படத்தில் இருக்கிறவர் வீட்டுக்கு ஒன்று, இரண்டு இரண்டாகக் கணக்குப் போட்டுக்கொள்.

அப்பா