நம் இசைத்தட்டுச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், மேடையில் இருக்கும் பெரியவர்களுக்கும், பவானியிலிருந்து பொள்ளாச்சி வரை பல ஊர்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. முகூர்த்த நாள்களில் வருகை குறைந்தது. அது எல்லா வருசமும் உள்ளதுதான். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். தட்டுகளை அவரவர் வீட்டிலேயே கம்ப்யூட்டரில் பதிவு செய்து வைப்பது என்று சென்ற பொதுக்குழுவில் முடிவு செய்தோம். என் அறிக்கை பெரும்பாலும் அதைப் பற்றியே.

நம்மிடம் உள்ள தட்டுகளில் பல மைக்செட் கடைகளிலிருந்து வந்தவை. மாரியம்மன் நோம்பி, காதுகுத்து, கல்யாணம் என்று ஊர் ஊராகக் குழாய் கட்டி ஓட்டியவை. கனமான முள் பட்டுப் பட்டுத் தேய்ந்தவை. தேய்ந்த பள்ளத்திலிருந்து போன ஒலியை எந்த சாப்ட்வேரும் திருப்பித் தராது. ஆனால் அளவு சற்று மாறிய முள்ளைப் போட்டால், அது பள்ளச் சுவரில் தேயாத உயரத்தில் உட்கார்ந்து ஓரளவு தெளிவாகப் பாட வாய்ப்பு உண்டு. ஆகவே கையில் இருக்கும் காசை முதலில் முள்ளுக்குச் செலவிடுங்கள். கம்ப்யூட்டர் பழசாக இருந்தாலும் பாதகமில்லை. ஒலியைப் பதியவும் திருத்தவும் உதவும் ஆடாசிட்டி சாப்ட்வேர் இலவசம், பழைய லேப்டாப்பிலும் ஓடும்.

பலரைக் குழப்பியது ஒயர் விஷயம். கார்ட்ரிட்ஜ் என்பது முள்ளைத் தாங்கி, அதன் அதிர்வை மின்சாரமாக்கும் சிறு பாகம். அதில் காந்த வகை தருவது சில மில்லிவோல்ட்தான். அதை நேராக லேப்டாப்பில் செருகினால் ஒலி ஒல்லியாக, அடித்தளமே இல்லாமல் வரும். தட்டில் வெட்டும்போதே தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உச்ச ஒலியை ஏற்றியும்தான் வெட்டுகிறார்கள். 1954 முதல் இதற்கு ஆர்ஐஏஏ என்ற பொது அளவு உண்டு. அதை நேர்செய்து ஒலியையும் பெருக்கித் தர ஃபோனோ ப்ரீஆம்ப் என்ற சிறு பெட்டி வேண்டும். செராமிக் கார்ட்ரிட்ஜ் உள்ள பழைய எச்எம்வி பெட்டிகளுக்கு இது தேவையில்லை, அவற்றின் வெளியீடே அதிகம். பல லேப்டாப்களின் மைக் துளை ஒற்றை ஒலிதான் எடுக்கும் என்பதால், இடம், வலம் இரண்டு ஒலியையும் வாங்கி லேப்டாப்புக்குத் தரும் யூஎஸ்பி பெட்டி ஒன்று அவசியம்.

“ஏனுங்க, ஒரு பாட்டுக் கேக்கறதுக்கு இத்தனை வேலையாங்க?” என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். கேட்பதற்கு இல்லைங்க, வைத்திருப்பதற்கு.

பல்லடம், சோமனூர் பக்கத்து உறுப்பினர்களுக்குத் தனித் தொல்லை. தறி ஓடும்போது அதிர்வு தரைவழியாக ஏறி முள்ளைத் தொட்டுவிடுகிறது. பதிவில் அடியில் ஓர் உறுமல் கேட்கிறது. ஒருவர் லேசாகக் காற்றடித்த சைக்கிள் டியூப்பின் மேல் கடப்பாக் கல்லை வைத்து, அதன்மேல் பிளேயரை வைத்தார். உறுமல் பெருமளவு அடங்கியது. மற்றவர்கள் தறி நிற்கும் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கிறார்கள். ‘ம்ம்ம்’ என்ற 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இரைச்சல் வந்தால் முதலில் லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், அடுத்து எர்த் ஒயரைப் பாருங்கள்.

நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் பழைய 78 வேகத் தட்டுகளைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். அவை அரக்குக் கலவையால் ஆனவை. ஸ்பிரிட் பட்டால் அரக்கு கரையும். எல்பி என்னும் பிற்கால வினைல் தட்டுக்கு வாங்கிய துடைப்புத் திரவத்தில் ஆல்கஹால் இருந்தால் அதை இவற்றின் பக்கம் கொண்டுபோகவே கூடாது. காய்ச்சி வடித்த நீர், மென்மையான துணி, நிழலில் உலர்த்தல் போதும். எல்பி முள்ளின் நுனி சுமார் 18 மைக்ரான், 78-க்கு வேண்டியது 75 மைக்ரான் அளவு. சின்ன முள் பள்ளத்தின் அடியில் போய் அழுக்கைத்தான் உழும். பிளேயரில் 78 வேகம் இல்லாதவர்கள் 45-இல் ஓட்டிப் பதிந்துகொண்டு, ஆடாசிட்டியில் வேகத்தை ஏற்றிக்கொள்ளலாம்.

தரம் எவ்வளவு வேண்டும் என்பதில் நல்ல வாக்குவாதம். ஒலிக் காப்பகங்களின் உலகச் சங்கமான ஐயாசா குறைந்தபட்சம் 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸைப் பரிந்துரைக்கிறது. பிட் என்பது ஒலியை அளக்கும் நுணுக்கம், கிலோஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை ஆயிரம் முறை அளப்பது என்பது. பல காப்பகங்கள் 96 கிலோஹெர்ட்ஸில் பதிகின்றன. அப்படிப் பதிந்தால் 20 நிமிடப் பக்கம் ஒன்றுக்கு ஏறக்குறைய 700 எம்பி ஆகும். தரம் குறையாமல் கோப்பைச் சுருக்கும் ஃப்ளாக் வடிவத்துக்கு மாற்றினால் வெகுவாகக் குறையும். இடம் இல்லாதவர் 48 கிலோஹெர்ட்ஸில் நிற்கலாம், ஆனால் 24 பிட்டை விடாதீர்கள். ஒலி உச்சம் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் தாராளமாக இடம் விட்டுப் பதிய அது உதவும்.

இதைவிடப் பெரிய சண்டை கரகரப்பை நீக்குவதில். இளைய உறுப்பினர்கள் சுத்தம் செய்து கொண்டுவந்த நாதஸ்வரத் தட்டில் தவில் மொக்கையாகிவிட்டது. தவில் சொல்லின் கூர்மையான அடியைத் தட்டின் கீறல் என்று நினைத்து சாப்ட்வேர் வழித்துவிட்டிருந்தது. எனவே ஐப்பசிக் கூட்டத்தில் தீர்மானித்தபடி, பதிந்த கோப்பு கரகரப்போடு அப்படியே இருக்க வேண்டும், திருத்தமெல்லாம் நகலில். கோப்பின் பெயரில் பாட்டின் முதல் வரி மட்டும் போதாது. லேபிளில் உள்ள எண், லேபிளுக்கு வெளியே வழுவழுப்பான வளையத்தில் பொறித்த எண் இரண்டும் வேண்டும், லேபிளின் போட்டோவும் வேண்டும்.

நம் உறுப்பினராக இருந்த மைக்செட்காரர் ஒருவர் இவ்வாண்டு காலமானார். பழைய இரும்புக்கடைக்குப் போகவிருந்த அவருடைய தட்டுகளை வீட்டார் நமக்குக் கொடுத்தார்கள். அவற்றில் படவசனத் தட்டுகளே அதிகம். குடும்பத்தாருக்குச் சங்கத்தின் நன்றி.

பதிவுகளை வாட்ஸ்அப் குழுவில் போடலாமே என்று கேட்போருக்கு: 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒலிப்பதிவுக்கான உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அவர்கள் மறைந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். சொந்த உபயோகத்துக்குப் பதிவதோடு நிறுத்திக்கொள்வோம். வருத்தப்படுபவர்கள் வீட்டுக்கு வந்து கேட்கலாம், குடிக்கக் காப்பி நான் போடுகிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். 78-க்கான முள் ஒன்றும் அதற்கேற்ற கார்ட்ரிட்ஜும் சங்கப் பொதுவில் வாங்கி, உறுப்பினர்களுக்கு முறை வைத்துத் தருவது. பதிவுகள் அனைத்தையும் இரண்டு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றி, ஒன்றை ஈரோட்டிலும் மற்றதைப் பொள்ளாச்சியிலும் வைப்பது. சந்தாவை உயர்த்தாமல் இது ஆகுமா என்பதைப் பொருளாளர் அறிக்கைக்குப் பின் உறுப்பினர்கள் விவாதித்து முடிவு செய்யும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்